‘1600X’ என்று எழுதிய யூ.எஸ்.பி. நுணுக்குக்காட்டி: சில்லறைக்குள் பிழைக் குற்றி தேட உதவுமா?

கறுப்புப் பிளாஸ்ரிக் குழாய், முனையில் வட்டமாக எட்டு எல்.ஈ.டி. விளக்குகள், வயரின் நடுவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சில்லு, ஆட்டம் காணும் ஒரு தாங்கி. பெட்டியில் ‘1000X’ அல்லது ‘1600X’ என்று பெரிதாக அச்சடித்திருக்கும். கொம்பனிப் பெயர் பெரும்பாலும் இருக்காது. யாழ்ப்பாணத்தில் போன் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். இணையக் கடைகளிலும் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கலாம். சில்லறைக் காசுக்குள் அச்சுப் பிழைகளையும் (நாணயக் குற்றியில் உருவத்தைப் பதிக்கும் அச்சாலோ, அடிக்கும்போதோ வந்த பிழைகள்) அச்சு வேறுபாடுகளையும் தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்க நினைப்பது இதைத்தான். இதை முதலாவதாக வாங்கக் கூடாது, மூன்றாவதாக வாங்கலாம் என்பதுதான் எங்கள் தீர்ப்பு. முதலாவது 10 மடங்குக் கைவில்லை. இரண்டாவது 0.01 கிராம் காட்டும் தராசு. ஏன் என்பதை இந்தக் கருவியை வைத்தே பார்ப்போம்.

முதலில் அந்த 1600. பெட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் அளவுகோல் வரும். இல்லாவிட்டால் பள்ளிக்கூட அடிமட்டம் போதும். குழாயின் முனை தொடுமளவுக்குக் கிட்ட வைத்து, குழாயிலுள்ள குவியச் சில்லைத் திருகிக் குவியப்படுத்தினால், திரையின் அகலத்துக்குள் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தெரியும். மடிக்கணினித் திரையின் அகலம் 31 சென்ரிமீற்றர் என்றால், 310ஐ 2ஆல் வகுக்க 155. உண்மையான உருப்பெருக்கம் அவ்வளவுதான். 1600 மடங்கு வரவேண்டுமென்றால் அதே 2 மில்லிமீற்றரை 3.2 மீற்றர் அகலச் சுவரில் விழுத்த வேண்டும். அப்படி விழுத்தினாலும் புதிதாக ஒரு கோடும் தெரியாது, இருப்பதுதான் மங்கிப் பெருக்கும். மலிவானவற்றின் உள்ளே இருப்பது பெரும்பாலும் 640 × 480 பிக்சல் சென்சர். பெட்டி சொல்லும் 2 மெகாபிக்சல் என்பது மென்பொருள் இழுத்து நிரப்பிய கணக்கு.

இன்னொரு பக்கம், 155 மடங்கும் எங்களுக்குத் தேவையில்லை. தேடும்போது குற்றியின் பெரும்பகுதி ஒரே பார்வையில் தெரிய வேண்டும். மையம் விலகி அடிபட்டது, ஓரம் வெட்டுப்பட்டது, அச்சு உடைந்து விளிம்போடு ஒரு கட்டி நிற்பது, இருமுகங்களும் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்பது எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். அச்சு வெடிப்பு, எழுத்து இரட்டிப்பு, எழுத்துச் சுழிக்குள் அடைப்பு என்பவற்றுக்கு 10 மடங்கு போதும். உறுதிப்படுத்த 20, 30. அதற்கு மேலே போனால் தேய்ந்த உலோகத்தின் கீறல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஒவ்வொரு கீறலும் பெரிய பிழைபோலத் தோன்றும். முகநூலில் லட்சக்கணக்கில் விலை சொல்லிப் போடப்படும் ‘அரிய பிழை’ப் படங்களில் பல இப்படிப் பிறந்தவைதான்.

இந்தக் கருவியின் உண்மையான குறை உருப்பெருக்கத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. எட்டு விளக்கும் வில்லையைச் சுற்றி நின்று நேர்கீழாக அடிக்கின்றன. குற்றியின் வெறுந்தளம் கண்ணாடி மாதிரி. நேர்மேலிருந்து விழுந்த ஒளி நேராகவே திரும்பிச் சென்சருக்குள் போகும். திரையில் எட்டு வெள்ளைப் பொட்டுகளும் நடுவே வெளிறிய ஒரு பரப்பும்தான் மிஞ்சும். மேடு எது, பள்ளம் எது என்று சொல்ல நிழல் வேண்டும், நிழலுக்குச் சரிவான ஒளி வேண்டும்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இந்தத் தேடலில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது எழுத்து இரட்டிப்பில்தான். இரண்டு வகை உண்டு. அச்சைச் செய்யும்போதே உருவம் இரண்டு தடவை சற்று விலகிப் பதிந்திருந்தால் அது இரட்டை அச்சு. அந்த அச்சில் அடித்த எல்லாக் குற்றிகளிலும் அதே இடத்தில் அதே அளவில் இரட்டிப்பு வரும். இரண்டாவது உருவமும் முதலாவதைப்போல உருண்டு மேலெழும்பி நிற்கும், எழுத்து வழமையைவிடத் தடித்திருக்கும், கோடு முடியும் மூலையில் சிறு பிளவு தெரியும். மற்றது இயந்திர இரட்டிப்பு. அடித்து முடிந்த கணத்தில் பிடி தளர்ந்த அச்சு ஒரு மயிரிழை நகர்ந்து, எழும்பிய எழுத்தின் பக்கத்தை நசுக்கிவிட்டுப் போகும். அதனால் எழுத்தின் ஓரத்தில் தட்டையான, பளபளக்கும் ஒரு படி உருவாகும், எழுத்து மெலியும். முதலாவது தேடத்தக்கது. இரண்டாவது ஒரு பொதிக்குள் பத்துப் பதினைந்து கிடைக்கும், அதற்குச் சேகரிப்புப் பெறுமதி இல்லை.

விளக்கு வட்டத்தின் கீழே இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே வயரிலுள்ள சில்லைத் திருகி எல்.ஈ.டி.யை முற்றாக அணையுங்கள். மேசை விளக்கையோ ரோச் லைட்டையோ மேசைமட்டத்திலிருந்து 20, 30 பாகைச் சரிவில், மணிக்கூட்டில் பத்து மணி நிற்கும் திசையிலிருந்து அடியுங்கள். பிறகு விளக்கை அசைக்காமல் குற்றியை மெல்லச் சுற்றுங்கள். இயந்திர இரட்டிப்பின் தட்டைப் படி ஒரு கோணத்தில் முழுவதுமாகப் பளிச்சிட்டு அடுத்த கோணத்தில் முழுவதுமாக இருளும். உருண்ட இரட்டிப்பில் ஒளிக்கோடு மெல்ல ஊர்ந்து போகும். இது கைவில்லையிலும் தெரியும், யூ.எஸ்.பி. திரையிலும் தெரியும். எங்கள் குற்றிகளில் மும்மொழி எழுத்தும் இருப்பது ஒரு வசதி. மூலைப் பிளவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும் நேர்கோடுகளின் நுனியில் தேடுங்கள். சிங்கள எழுத்தின் வளைவில் பிளவு ஒளிந்துவிடும். அச்சில் ஒரு துணுக்குப் பெயர்ந்து உண்டாகும் அடைப்பைத் தேடுவதற்கோ சிங்கள எழுத்தின் சிறு சுழிகள்தான் சரியான இடம்.

பொட்டில்லாத வெளிச்சம் வேண்டுமென்றால், எல்.ஈ.டி.யை அணைத்தபடியே வெள்ளைத் தயிர்க் கோப்பை ஒன்றின் அடியை வெட்டி எடுத்து, உயரம் 2 சென்ரிமீற்றர் இருக்கத்தக்க வளையமாக்கிக் குற்றியைச் சுற்றி நிறுத்துங்கள். மேசை விளக்கின் ஒளி அந்த வெள்ளைச் சுவருக்கு ஊடாக மெத்தென்று வரும், பொட்டுகள் மறையும். படம் எடுக்க இது நல்லது. இரட்டிப்பை ஆராய நல்லதல்ல, ஏனென்றால் நிழலும் சேர்ந்து கரையும்.

யாழ்ப்பாணத்துச் சில்லறைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கோயில் உண்டியல் வழியாகச் சுற்றிவரும் குற்றிகளில் விபூதியும் காய்ந்த சந்தனமும் விளக்கெண்ணெயும் எழுத்தின் அடியில் ஒட்டியிருக்கும். 50 மடங்கில் பார்க்கையில் எண்ணெயில் இறுகிய விபூதித் துணிக்கை ஒன்று, அச்சில் துணுக்குப் பெயர்ந்ததால் வந்த கட்டிபோலவே இருக்கும். எழுத்தை மூடிய சந்தனப் படலம், அச்சில் கிரீஸ் அடைத்து எழுத்துப் பதியாமல் போன பிழைபோல இருக்கும். இரண்டையும் வேறுபடுத்த முதலில் பல் குத்தும் ஈர்க்கின் நுனியை நனைத்து மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கட்டி நொறுங்கினால் அது விபூதி. எண்ணெய்ப் பசைக்குச் சுத்தமான அசற்றோனில் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலரவிடலாம். நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசற்றோன் சட்டென்று தீப்பற்றும், சாமியறை விளக்குக்குக் கிட்ட வைத்துச் செய்யாதீர்கள். புளி, தேசிக்காய், சாம்பல் மூன்றையும் மறந்துவிடுங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அவை சரி. குற்றியில் போட்டால் மேற்பரப்பை அரித்துவிடும், அதன்பிறகு எந்த நுணுக்குக்காட்டியும் ஒன்றும் சொல்லாது.

இனிக் கைவில்லை. சந்தையில் அதிகம் கிடைப்பது மடக்கும் வெள்ளி நிற உறையோடு வரும் ‘40×25’ என்ற வகை. 25 என்பது வில்லையின் விட்டம், அது உண்மை. 40 உண்மையல்ல. வில்லை ஒன்றின் உருப்பெருக்கம் ஏறத்தாழ 250ஐ அதன் குவியத்தூரத்தின் மில்லிமீற்றர் அளவால் வகுத்த விடை. உண்மையான 40 மடங்கென்றால் குவியத்தூரம் 6 மில்லிமீற்றர் சொச்சம்தான், குற்றி கண்ணாடியில் முட்டும். கடையிலேயே சோதிக்கலாம். வில்லையை வாசலுக்கு எதிரே வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் பிடித்து, தெருவின் தலைகீழ்ப் படம் கூர்மையாக விழும்வரை நகர்த்துங்கள். வில்லைக்கும் கடதாசிக்கும் இடைத்தூரம் 25 மில்லிமீற்றர் என்றால் அது 10 மடங்கு. பெரும்பாலானவை இதற்குக் கிட்டத்தான் வந்து நிற்கும். 10 மடங்கு என்பதே எங்களுக்கு வேண்டியது என்பதால் வாங்கலாம். ஆனால் ஒற்றை வில்லையில் ஓரம் வளைந்து நிறம் பிரியும். மூன்று வில்லை ஒட்டிய ‘ரிப்ளெற்’ வகையில் ஓரம்வரை நேராக இருக்கும். கன்னாதிட்டி, கஸ்தூரியார் வீதிப் பக்கத்து நகை வேலையாட்கள் கையில் வைத்திருப்பது அந்த வகைதான், எங்கே வாங்கலாம் என்று அவர்களிடமே கேட்கலாம். சோதிக்க ஒரு சதுரக்கோட்டுக் கொப்பித் தாள் போதும்: ஓரத்துக் கோடு வளையாமல் தெரிய வேண்டும். வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, குற்றியைத்தான் கிட்டக் கொண்டுவர வேண்டும். வில்லையைக் குற்றிக்குமேல் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் பார்வைப் பரப்பு பாதியாகும்.

தராசில் 200 கிராம் கொள்ளளவு, 0.01 கிராம் துல்லியம் போதும். 100 கிராம் படிக்கல் சேர்த்து வாங்குங்கள், அது இல்லாத தராசு சில மாதத்தில் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் போகும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மட்டமான மேசையில் வைத்து, குற்றியை ஒரே வைப்பாகத் தட்டின் நடுவே வையுங்கள். இந்தத் தராசுகள் சிறு மாற்றத்தைப் பூச்சியமென்று தாங்களே திருத்திக்கொள்ளும் பழக்கமுடையவை, மெல்ல மெல்ல ஏற்றினால் பொய் சொல்லும். சந்தேகமென்றால் நகைக்கடைத் தராசில் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறை ஏன் கண்ணைவிட நம்பகமானது என்பதற்கு 5 ரூபாக் குற்றியே போதும். 1984 இல் வந்த நிக்கல் பித்தளைக் குற்றி 23.5 மில்லிமீற்றர் விட்டம், 9.5 கிராம், காந்தத்தில் ஒட்டாது. 2005 முதல் வந்தது அதே விட்டம், அதே மஞ்சள் நிறம், ஆனால் உருக்கின்மேல் பித்தளை முலாம், 7.65 கிராம் அளவு, காந்தத்தில் பாய்ந்து ஒட்டும். 2017 முதல் துருப்பிடிக்காத உருக்கில் வெள்ளையாக வருகிறது. ஒரு ரூபாவும் அப்படித்தான்: பழைய செம்பு நிக்கல் குற்றி 25.4 மில்லிமீற்றர், 7 கிராமுக்குச் சற்று மேல். பித்தளை முலாமிட்டது 20 மில்லிமீற்றர், 3.65 கிராம் அளவு. இரண்டு ரூபாவில் காந்தத்தில் ஒட்டாதது 8.25 கிராம், ஒட்டுவது 7 கிராம். ஆண்டுக்குரிய உலோகம் ஒன்று, கையிலிருக்கும் குற்றியின் உலோகம் வேறொன்று என்றால் வேறொரு குற்றிக்கான வெற்றுத்தகட்டில் அடிபட்டதா என்ற கேள்வி அப்போதுதான் எழும். 0.1 கிராம் ஏறுவதும் இறங்குவதும் பிழையல்ல. அதே ஆண்டுக் குற்றிகள் பத்தைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்து, அந்தச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

2005 முதல் 2016 வரையான ஆண்டு போட்ட வெள்ளை 5 ரூபா கிடைத்தால் இந்த மூன்று கருவியும் சேர்ந்து வேலை செய்யும். முலாம் போடாத வெறும் உருக்குத் தகட்டில் அடிபட்டிருக்கலாம், அது பிழை. அமிலத்தில் போட்டு முலாம் கழற்றியிருக்கலாம், அது குப்பை. காந்தம் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லும். தராசும் தனியே முடிவுசெய்யாது, இரண்டிலும் நிறை சற்றுக் குறையும். இங்கேதான் யூ.எஸ்.பி. நுணுக்குக்காட்டி தன் விலைக்கு வேலை செய்கிறது. 40, 50 மடங்கில் தளத்தைப் பாருங்கள். அடிபட்ட தளம் வழுவழுப்பாக, உலோகம் விளிம்பை நோக்கி ஓடிய மெல்லிய வரிகளோடு இருக்கும், எழுத்தின் ஓரம் கூராக நிற்கும். அமிலம் தின்ற தளம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகக் குழிந்திருக்கும், எழுத்து மெலிந்திருக்கும், பள்ளமான மூலைகளில் மஞ்சள் முலாமின் மிச்சம் ஒட்டியிருக்கும். அந்த மஞ்சள் மிச்சம் தெரிந்தால் வேறு சான்று தேவையில்லை. முலாமிட்ட குற்றிகளில் வரும் சிறு கொப்புளங்களையும் இப்படியே பாருங்கள். முலாமுக்கும் உருக்குக்கும் இடையில் அகப்பட்ட வாயு ஊதியவை அவை, சாதாரணமானவை, தனியே எடுத்து வைக்கத் தேவையில்லை.

இந்தக் கருவி கைவில்லையை வெல்லும் இன்னோர் இடம் விளிம்பு. 1984 இன் 5 ரூபாவில் விளிம்பு வரிகளுக்கு நடுவே சென்ட்ரல் பாங்க் ஒஃப் சிலோன் என்பதன் முதலெழுத்துகள், சீ.பீ.சீ. என்று குழிந்திருக்கும். 1985 இல் வங்கியின் பெயர் மாறியபின் வந்தவற்றில் சீ.பீ.எஸ்.எல். என்றிருக்கும். எழுத்தே இல்லாத விளிம்பு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த எழுத்து, ஆண்டுக்குப் பொருந்தாத எழுத்து என்பவற்றைத்தான் தேட வேண்டும். எழுத்து ஒரு குற்றியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் நிற்பதைப் பிழை என்று எடுத்து வைக்காதீர்கள். முகங்களை அடிக்க முன்னரே விளிம்பில் உருட்டிப் பதிக்கிற எழுத்துக்கு எந்த முகம் மேலே வரப்போகிறது என்று தெரியாது. குற்றியை இரண்டு நெருப்புப்பெட்டிகளுக்கு நடுவே நிமிர்த்தி நிறுத்தி, குழாயை உயர்த்தி, திரையில் 10 மில்லிமீற்றர் தெரியத்தக்கதாக வைத்தால், 74 மில்லிமீற்றர் சுற்றளவை எட்டுப் படத்தில் முடிக்கலாம். தொடங்கிய இடத்தைக் குறிக்கக் குற்றியைப் பென்சிலால் தொடாதீர்கள். நெருப்புப்பெட்டியில் ஒரு கோடு போட்டு, முகத்திலுள்ள ஆண்டின் முதல் இலக்கத்தை அதற்கு நேரே வைத்துச் சுற்றுங்கள்.

முகங்களின் திருப்பத்துக்குக் கருவியே வேண்டாம். குற்றியின் மேலும் கீழும் இரு விரலால் பிடித்து இடம்வலமாகத் திருப்பினால் மறுமுகம் நிமிர்ந்து நிற்க வேண்டும். பதினொரு பக்கமுள்ள 10 ரூபாவில் இன்னும் எளிது, திருப்பம் இருந்தால் ஒரு முகம் மூலைகளோடு ஒத்து நிற்க மற்றது விலகி நிற்கும். 15 பாகைக்குக் குறைந்த திருப்பத்தைச் சேகரிப்பவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஓர வெட்டுக்கும் ஒரு குறிப்பு: வெட்டுக்கு நேரெதிரே உள்ள விளிம்பு மங்கியோ மறைந்தோ இருந்தால் அது பெரும்பாலும் நாணயச்சாலையிலேயே நேர்ந்த வெட்டு. எதிர்விளிம்பு முழுக் கூர்மையோடு நின்றால் யாரோ அரத்தால் அராவியிருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகப்படுங்கள். தகட்டின் விளிம்பை உருட்டி எழுப்பும்போது வெட்டுள்ள பக்கத்தில் அழுத்தம் இல்லாததால் எதிர்ப்பக்கமும் எழும்பாது, காரணம் அவ்வளவுதான்.

தாங்கியைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிளாஸ்ரிக் தாங்கியில் குவியச் சில்லைத் தொட்டவுடன் படம் துள்ளும். உலோக அடித்தட்டும் கம்பமும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். குழாயில் இருக்கும் படம்பிடிக்கும் பொத்தானை அழுத்தினாலும் ஆடும், ஆகவே கணினியிலிருந்தே படமெடுங்கள். கூட வரும் சீடியிலுள்ள மென்பொருள் தேவையில்லை. விண்டோஸின் கமரா செயலியே இதை வெப்கமராவாக எடுத்துக்கொள்ளும். அன்ட்ரொய்ட் போனில், யூ.எஸ்.பி. கருவிகளைப் போனிலேயே செருக விடும் ஓ.ரி.ஜி. வசதி இருக்க வேண்டும். ஐபோன்காரருக்கு இந்த வயர் வகை பயன்படாது, வைபை வகைதான். அது தன் சொந்த வைபையில் போனை இழுத்துக்கொள்வதால் பாவிக்கும் நேரத்தில் போன் இணையத்தை இழக்கும், படமும் ஒரு கணம் பிந்தி வரும், பற்றரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயர் வகையே மேல்.

கண்டெடுத்ததை வைக்க முத்திரை அல்பம் வேண்டாம். மணக்கும் மென்மையான பிளாஸ்ரிக் உறை பெரும்பாலும் பீ.வீ.சீ., எங்கள் வெக்கையிலும் உப்புக்காற்றிலும் அது கசிந்து செம்பு கலந்த குற்றியில் பச்சைப் பிசினாகப் படியும். மைலார் என்ற தெளிந்த பிளாஸ்ரிக் தாளில் சாளரமுள்ள அட்டை உறையைக் கேளுங்கள்.

கடையில் காசு கொடுக்க முன்னர் உங்கள் போனிலேயே செருகிப் படம் வருகிறதா பாருங்கள். வயரின் சில்லைப் பூச்சியம்வரை திருகி விளக்கு முற்றாக அணைகிறதா பாருங்கள், சிலவற்றில் மங்குமே தவிர அணையாது, அவை எங்கள் வேலைக்கு உதவாது. பிறகு ஒரு 5 ரூபாவை வைத்துக் குவியச் சில்லை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருகுங்கள். தொடும் தூரத்தில் ஒருமுறையும், முனை நாலைந்து சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும்போது ஒருமுறையும் படம் கூர்மையாக வர வேண்டும். இரண்டாவது இடத்தில் கூர்மை வராத குழாயை மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள், தேடலுக்கு வேண்டிய 20, 30 மடங்கு அந்த இடத்தில்தான் இருக்கிறது.